குழலில் பொறித்த எண்

நம் நாட்டில் ஒரு விவசாயியோ எஸ்டேட்காரரோ லைசென்ஸ் எடுத்து ரைஃபிள் வாங்கினால், அநேகமாக அது .315 ஆகத்தான் இருக்கும். வங்காளத்து இஷாப்பூரில் செய்த துப்பாக்கி, புனே அருகே கட்கியில் செய்த தோட்டா. கைத்துப்பாக்கி என்றால் .32 ரிவால்வர். இரட்டைக் குழல் என்றால் 12 போர். இந்த மூன்றைத் தாண்டி யோசிக்க நம்மூரில் அனுமதியும் குறைவு, ஆசையும் குறைவு.

குழலின் அளவை அங்குலத்தில் சொல்லும் .315 என்ற அந்த எண்ணை வேட்டைக்காரர் யாரும் கேட்டு வாங்கவில்லை. வெள்ளைக்கார அரசு தன் சிப்பாய்க்கு .303 கொடுத்திருந்தது. படைமுகாமில் திருடுபோகும் தோட்டா ஊருக்குள் யார் துப்பாக்கியிலும் பொருந்திவிடக் கூடாது என்ற கவலை அதற்கு இருந்தது. ஆகவே சொந்த உபயோகத்துக்கு .303 கூடாது என்றாயிற்று. பர்மிங்காமில் இருந்த பி.எஸ்.ஏ. கம்பெனி யோசித்தது. அதே லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் உடம்பை எடுத்துக்கொண்டு, ஆஸ்திரியப் படை 1890களில் பயன்படுத்திய எட்டு மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்கு ஏற்ற குழலை மாட்டி, இந்தியச் சந்தைக்கு அனுப்பியது. இந்தியாவின் எந்த முகாமிலும் திருடக் கிடைக்காத தோட்டா அது. ஆஸ்திரியாவில் அந்தப் பேரரசே காணாமல் போனது. அதன் தோட்டா மட்டும் நம் அரசாங்கத் தொழிற்சாலையின் விலைப்பட்டியலில் தங்கிவிட்டது.

பெரிய துப்பாக்கிகளுக்கும் இதே கதை. யானைக்கும் காட்டெருமைக்கும் .450 என்ற அளவு பேர்பெற்றிருந்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கியும் அதே அளவுக் குண்டையே சுட்டது. கலகக்காரர்களுக்கு ஈயக்குண்டு கிடைக்க வழியாகிவிடும் என்று பயந்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே இந்தியாவுக்கு .450 வரக் கூடாது என்று தடை போட்டார்கள். உடனே லண்டன் துப்பாக்கிக் கடைகளில் .465, .470, .475 என்று புதுப்புது எண்கள் முளைத்தன. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தன் .500/465 தோட்டாவை 1907இல் கொண்டுவந்தது. யானை அதே யானைதான், அதன் மண்டையோடும் தடிக்கவில்லை. ஆயிரத்தில் சில பத்து அங்குலம் அளவை மாற்றி, சட்டத்துக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, வியாபாரம் தொடர்ந்தது. மிருகத்தைப் பார்த்து வைக்க வேண்டிய எண்ணை நம் நாட்டில் மனிதனைப் பார்த்து வைத்தார்கள் என்பதுதான் இதில் என்னை உறுத்துவது.

இந்த யோசனையைக் கிளப்பியவன் டெக்சாஸில் இருக்கும் என் சித்தி மகன். அங்கே நவம்பரில் மான் சீசன். அவன் பல வருஷமாகத் தன் தோட்டாவைத் தானே கட்டுகிறவன். கார் ஷெட்டில் ஒரு மேசை, அதன்மேல் கைப்பிடி வைத்த ஒரு பிரஸ், ஒரு தராசு, டப்பா டப்பாவாக வெடிமருந்து. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து துடைத்து, அச்சில் கொடுத்துப் பழைய அளவுக்குச் சுருக்கி, புது ப்ரைமர் பதித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அமுக்கி வைக்கிறான். நம் ஊரில் இதை வீட்டில் செய்தால் ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரித்த குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஏழாண்டுக்குக் குறையாத சிறை. அவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

நடுத்தரமான ஒரு ரைஃபிள் வாங்கப்போகிறானாம். முந்நூறு மீட்டருக்குள் மானோ காட்டுப்பன்றியோ சுட வேண்டும், தோள்பட்டை பெயரக் கூடாது. எந்தக் காலிபர் எடுக்கலாம் என்று என்னிடம் கேட்டான். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத தி.நகர்வாசியிடம் இதைக் கேட்பானேன்? உபதேசம் தேடி அவன் கேட்கவில்லை. தீராத யோசனைக்குப் பேச்சுத்துணை தேவைப்பட்டது. வீடியோ அழைப்பில் மணிக்கணக்காகப் பேசுவான், நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கக் கேட்க எனக்கும் அதில் ருசி தட்டிவிட்டது.

புதிதாகத் துப்பாக்கி வாங்குகிறவன் பெரிய எண்ணைத் தேடுவான். கை பழகியவன் அளவைக் குறைத்துக்கொண்டே வருவான். அவன் பட்டியலில் முதலில் இருந்தது 6.5 கிரீட்மோர், 2007இல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்தது. உதை குறைவு, காற்றில் விலகல் குறைவு, எல்லாரும் புகழ்கிறார்கள். அதை அவன் தள்ளிவிட்டான். "கடையில விக்கிற தோட்டாவே அவ்வளவு நல்லா இருக்குண்ணா. அப்புறம் நான் எதுக்கு மேசையில உக்காரணும்?" என்றான். கடைக்காரன் குறை வைத்த இடத்தில்தான் கைவேலைக்காரனுக்குப் பிழைப்பு என்பது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

அடுத்து .308. இது 1952இல் வந்தது. இதன் கூடு எங்கும் கிடைக்கும். அதன் கழுத்தைச் சுருக்கினால் 7எம்எம்-08, இன்னும் சுருக்கினால் .243. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06க்கும் இப்படி ஒரு வம்சம் உண்டு, 1925இல் வந்த .270 அதன் கூட்டிலிருந்து பிறந்ததுதான். தானே தோட்டா கட்டுகிறவன் எண்ணை இப்படி வம்சாவளியாகத்தான் பார்க்கிறான். கூடு கிடைக்குமா, எத்தனை தடவை சுட்டாலும் கழுத்து வெடிக்காமல் தாங்குமா, அந்த அளவுக் குண்டில் எத்தனை வகை விற்கிறார்கள், குழலின் உள்வரி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பவை அவன் கேள்விகள். நீளமான கனத்த குண்டுக்கு வேகமான சுற்று வேண்டும், இல்லையென்றால் அது போகிற வழியில் தள்ளாடும். எண்ணின்மேல் அவனுக்குப் பெரிய மரியாதை கிடையாது. அந்த எண்களும் மரியாதைக்கு உரியவை இல்லை. .303இன் குண்டு உண்மையில் .311க்கு மேல். .275 ரிக்பியின் குண்டு .284. நம் .315இன் குண்டு .323. ஒன்று குழலின் வரிமேட்டை அளந்து சொன்னது, இன்னொன்று பள்ளத்தை அளந்து சொன்னது, சிலது விளம்பரக்காரன் சொன்னது.

கடைசியில் அவன் மனம் போய் நின்றது 1890களில் பிறந்த இரண்டு கிழடுகளிடம். ஒன்று ஸ்வீடன்காரர்களின் 6.5×55. மற்றது மௌசரின் 7×57. காரணம் விநோதமானது. உலகம் முழுக்க அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் இரும்பு அதிக அழுத்தம் தாங்காது. வழக்குக்குப் பயந்த அமெரிக்கத் தோட்டாக் கம்பெனிகள், எந்தக் கிழட்டுத் துப்பாக்கியில் போட்டாலும் வெடிக்காதபடி மருந்தைக் குறைத்தே விற்கின்றன. அதனால் கடைத்தோட்டாவை வைத்து மதிப்பிடுகிறவனுக்கு 7×57 சவலைப்பிள்ளை. புது இரும்பில் செய்த ரைஃபிளில் அளவறிந்து கட்டுகிறவன் கையிலோ அது 7எம்எம்-08க்குச் சளைக்காது. எண் ஒன்றுதான், கை மாறினால் ஆளே வேறு. அனுபவசாலி கடைசியில் இதை எடுக்கிறானென்றால் அது பழமைமேல் உள்ள பாசம் என்று நான் நினைக்கவில்லை. அவன் கைக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

இந்த 7×57க்குத்தான் லண்டன் ரிக்பி கம்பெனி .275 என்று இங்கிலீஷ் சட்டை மாட்டியது. ஜிம் கார்பெட் கையில் இருந்தது அதுவே. சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926இல் அவர் வீழ்த்தியதும் அதனால்தான். பெரிய இரட்டைக் குழல் ரைஃபிளும் அவரிடம் இருந்தது. ஆனாலும் மலைச்சரிவில் நாள் முழுக்க நடப்பவனுக்குத் தூக்கச் சுலபமாய், சட்டென்று தோளுக்கு வருவதாய் ஒன்று வேண்டியிருந்தது. நடுத்தர அளவை மிருகத்தைப் பார்த்தும் தன் கால்களைப் பார்த்தும் தேர்ந்தெடுத்தவர் என்று இந்தியாவில் ஒருவரைக் காட்டச் சொன்னால் கார்பெட்டைக் காட்டலாம். அவருக்கு அந்த உரிமை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியனிடம் லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியனிடம் கேட்கவில்லை.

நம் பக்கத்து வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர்தான் என்றாலும் அவர் சுற்றியதில் பாதி அன்றைய சேலம் ஜில்லா: ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம். அவர் கையில் .405 வின்செஸ்டர், 1895ஆம் வருஷத்து மாடல். தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம் சுடக் கொண்டுபோனதும் அதே வகை. முந்நூறு கிரெய்ன் குண்டு, கிட்டத்தில் இடி, இருநூறு மீட்டர் தாண்டினால் தொங்கிவிடும். அஞ்செட்டிக் காட்டில் இருநூறு மீட்டர் எங்கே தெரியப்போகிறது? மூங்கில் புதருக்குள் பதினைந்து அடியில் புலி எழுந்தால் வெகுதூரம் போகும் தோட்டாவால் என்ன லாபம்? அந்த ரைஃபிளை வின்செஸ்டர் 1930களிலேயே நிறுத்திவிட்டது. கம்பெனி கைவிட்ட துப்பாக்கியைப் பிறகு உயிரோடு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தோட்டா கட்டத் தெரிந்தவர்கள்தான்.

சித்தி மகன் போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்தான். எல்லா வீட்டிலும் போல உஸ்மான் ரோடுக்கு நகை எடுக்கப் போனோம். பெண்கள் வளையல் பார்க்க, இவன் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மின்தராசு, காற்றடித்தாலும் எண் மாறுவது. விற்பனைப் பையன் "ஒரு பவுன் எட்டு கிராம் சார்" என்று ஆரம்பித்ததும் இவன் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு என் காதில் சொன்னான்: "நூத்தி இருபத்து மூணு கிரெய்ன்ணா."

தோட்டா கட்டுகிறவர்கள் இன்றும் கிரெய்னில்தான் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். அவன் வீட்டுத் தராசு அதில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். இங்கே தங்கத்துக்கு என்ன கண்டிப்போ அங்கே மருந்துக்கும் அதே கண்டிப்பு. அவன் சொன்னதைக் கேட்டபின் நானும் பழைய கணக்குகளைத் தோண்டினேன். ஒரு தோலா சரியாக 180 கிரெய்ன். கம்பெனிக்காலம் தொட்டு ஓடிய வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. .30-06க்கு மிகப் பரவலாக விற்கும் குண்டின் எடையும் 180 கிரெய்ன். குண்டுமணிக் கணக்கில் சொன்னால் தொண்ணூற்றாறு. ஏ.கே.-47இன் குண்டு 122, 123 கிரெய்ன், அதாவது கிட்டத்தட்ட ஒரு பவுன். உலகில் எத்தனையோ உடம்புகளில் இறங்கிய தோட்டா அது. ஈழத்திலிருந்து வந்து இதே தெருக்களில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அந்த ஒரு பவுனின் கனம் தெரியும். கல்லாவில் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இதையெல்லாம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தி.நகரில் துப்பாக்கி என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவு வருவது 1982 மே 19. பாண்டி பஜாரில் ஈழப் போராளித் தலைவர்களான பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் நேருக்கு நேர் பார்த்துவிட்டார்கள், சுட்டுக்கொண்டார்கள். போலீஸ் பிடித்தது, வழக்குப் போட்டது. ஜாமீனும் கிடைத்தது. அவர்களிடம் இருந்தவை கைத்துப்பாக்கிகள். லைசென்ஸ் கேட்காத கைக்குத் தடைசெய்யப்பட்ட போர், தடையில்லாத போர் என்ற பேதமெல்லாம் கிடையாது. எழுபது, எண்பது வருஷமாகக் .303ஐக் கண்ணில் காட்டாமல் காத்த சட்டம் கரும்புத் தோட்டக்காரரைத்தான் .315இல் நிறுத்தி வைத்திருந்தது.

மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊட்டி மலை ரயிலில் வெலிங்டன் தாண்டியதும் அரவங்காடு வரும். பச்சைச் சரிவில் மதிலும் முள்கம்பியுமாகப் பெரிய வளாகம். 1903இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை. கார்டைட் என்பது ஏபெல், டூவர் இருவரும் 1889இல் கண்டுபிடித்த புகையில்லா மருந்து: நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின். மூன்றையும் அசிட்டோனில் பிசைந்து, இடியாப்ப உழக்கில் பிழிவதுபோல நூலாகப் பிழிந்து, காயவைத்து நறுக்குவார்கள். முதலில் வந்த கலவையில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு. அந்தச் சூடு துப்பாக்கிக் குழலையே அரித்தது. பிறகு அதை 30க்குக் குறைத்து வெடிபஞ்சை 65 ஆக்கினார்கள். தென்னாட்டு வெயிலிலிருந்து தப்பித்து, நீலகிரிக் குளிரில் இந்தத் தொழிற்சாலை உட்கார்ந்திருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

ஏனென்றால் கார்டைட்டுக்கு வெயில் ஆகாது. சூடு ஏறினால் வேகமாக எரியும், அழுத்தம் கூடும். இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காகச் சுட்ட தோட்டா, மே மாதத்துச் சென்னையில் கூட்டை அறைக்குள் ஒட்டவைத்துவிடும். சுட்டபின் கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டால், எதிரில் காயம்பட்ட காட்டெருமை நிற்க, வேட்டைக்காரன் கதி என்ன? இதற்குப் பயந்துதான் பிரிட்டிஷ்காரர்கள் வெப்பநாட்டுத் துப்பாக்கிகளுக்கு நீண்டு பருத்த கூடு வைத்தார்கள். இடம் தாராளமாக இருந்தால் அழுத்தம் ஏறாது. இன்று அருங்காட்சியகத்தில் அந்த விரல்நீளத் தோட்டாக்களைப் பார்க்கிறவர்கள் அதில் ஏகாதிபத்தியத் திமிரைக் காண்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் நம் வெயிலைப் பற்றிய பயம். டெக்சாஸ் வெயிலும் லேசானதல்ல என்பதால் சித்தி மகன் இந்தக் கதையை ஆர்வமாகக் கேட்டான். அவனும் புதுக் கலவையைக் குறைந்த அளவில் தொடங்கி, ப்ரைமர் தட்டையாகிறதா, போல்ட் இறுகுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மேலே போவான். குளிர்காலத்தில் சரியென்று பட்டதை ஆகஸ்டில் மறுபடி சோதிப்பான்.

சரி, தமிழ்நாட்டில் தன் தோட்டாவைத் தானே கட்டிய வேட்டைக்காரன் இல்லவே இல்லையா? இருந்தான். பாண்டி பஜார் நடைபாதையில் பாசிமணியும் ஊசியும் விற்றுக்கொண்டிருந்தவர்களின் அப்பாக்கள், தாத்தாக்கள். நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி வாய்வழியாக நிரப்புவது. லைசென்ஸ் தாளில் அதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர். ஒவ்வொரு தடவையும் கருமருந்தைக் குழலில் கொட்டி, மேலே நாரையோ துணியையோ அடைத்து, கம்பியால் இடித்து, பால்ரஸையோ ரவையையோ போட்டு, மறுபடி அடைத்து, காது மேல் கேப்பை வைக்க வேண்டும். தராசு கிடையாது, உள்ளங்கைக் குழிதான். கௌதாரிக்குப் பொடி ரவை, முயலுக்குக் கொஞ்சம் பெரிது, நரிக்கு வேறு. ஒரே குழலில் இரையைப் பார்த்து அளவு மாறும். காலிபர் என்ன என்று அவர்களைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான்.

மருந்து கூடினால் குழல் வெடித்துக் கை போகும், குறைந்தால் இரை போகும். அந்த இடைவெளியில் ஒரு சமூகமே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது. கைவினை, நிதானம், அளவு என்று வெளிநாட்டுத் தோட்டா மேசைகளைப் பற்றி எழுதப்படும் புகழ்ச்சிகளைப் படிக்கும்போது, இந்தக் கைகளுக்கு யாரும் அந்த வார்த்தைகளைத் தந்ததில்லையே என்று தோன்றும். அவர்களை நாம் கொக்கு சுடுகிறவர்கள், நரிக்கொம்பு விற்கிறவர்கள் என்று கேலிதான் செய்தோம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுக்கு அது தேவைதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ரைஃபிளோடு ஜீப்பில் போய்ப் பொழுதுபோக்கியவனும், கௌதாரி விற்று அரிசி வாங்கியவனும் அன்றைக்கு ஒரே வரியில் நின்றார்கள். முன்னவன் கிளப்புக்குத் திரும்பினான். பின்னவன் பாசிமணி கோக்கக் கற்றான். பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏற 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மயிலாப்பூரில் வேறொரு கைவேலைக்காரர் இருந்தார். மா. கிருஷ்ணன், பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். எட்வர்ட் எலியட்ஸ் ரோடில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் வீடு. தேர்ந்தெடுத்த ஆயுதம் கேமரா. கடையில் விற்கும் எதுவும் அவருக்குத் திருப்தியாக இல்லை. ஒரு கேமராவின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ், வேறெதன் உதிரியோ என்று தானே பொருத்தி ஒன்றைக் கட்டிக்கொண்டார். அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று கிண்டலாகப் பெயரும் வைத்தார். வனத்துறை யானைமேல் ஏறிப் போவார், கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுப்பார், இருட்டறை வேலையையும் தானே செய்வார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இலிருந்து 1996 பிப்ரவரியில் இறக்கும் வரை பத்தி எழுதினார். எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம், மிருகம் எந்தப் பக்கம் திரும்பும் என்ற கேள்விகள் அவருக்கும் கார்பெட்டுக்கும் பொது. சித்தி மகனிடம் சொன்னேன். அந்தக் கேமராவின் படம் கிடைக்குமா, எந்த லென்ஸை எதில் மாட்டினார் என்று உடனே கேட்டான். பிரஸ்ஸும் தராசும் வைத்திருப்பவனுக்கு வேட்டையைவிட அதுதான் முக்கியமாகப் பட்டது.

தி.நகரில் இப்போது காட்டு மிருகம் பார்க்க வேண்டுமென்றால் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போகலாம். பாடம் பண்ணி வைத்த ராஜா என்ற சிங்கம் நிற்கிறது. அடிமைப் பெண் படத்தில் நடித்தது. யாரும் சுட்டதில்லை.

.315க்குத் திரும்புகிறேன். அது இன்று பெரும்பாலும் என்ன செய்கிறது? பீரோவில் இருக்கிறது. தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிந்தபின் திரும்பப் பெற வேண்டும். சென்னையில் லைசென்ஸ் கமிஷனர் கையில், ஜில்லாவில் கலெக்டர் கையில். மூன்று துப்பாக்கி வைத்திருந்தவர்கள் 2019க்குப் பிறகு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆலைகளும் 2021 அக்டோபரில் கைமாறின: இஷாப்பூரும் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒரு அரசு கம்பெனிக்கு, அரவங்காடும் கட்கியும் வேறொன்றுக்கு. எண் மட்டும் மாறவில்லை. .303 படையை விட்டுப் போயே பல காலமாகிவிட்டது. அது திருடுபோகும் என்ற பயத்தில் பிறந்த எண்ணுக்கு இன்னும் என்ன வேலை என்று எந்த அதிகாரியும் கேட்டதாகத் தெரியவில்லை. விற்கிறது, வைத்திருக்கிறோம்.

அதற்கு ஒரு வேலை திரும்பி வந்திருப்பது காட்டுப்பன்றியால். கேரளத்தில் 2022இல் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களிடம் கொடுத்தார்கள். லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லலாம். தமிழ்நாடு 2025இல் வேறு வழியில் போனது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும், அதுவும் வனத்துறையினரே சுடலாம். இரண்டிலும் பேச்சு முழுக்க யார் சுடுவது என்பதைப் பற்றி. எதனால் சுடுவது, எங்கிருந்து, எந்தத் தூரத்தில், குண்டு பன்றியைத் துளைத்துப் போனால் எங்கே போய் நிற்கும் என்பதெல்லாம் சுடுகிறவர் பாடு. ஆஸ்திரியச் சிப்பாய் அரை மைல் தள்ளி எதிரியைச் சுட வடிவமைத்த தோட்டாவை வாழைத்தோட்டத்தில் நாற்பது மீட்டரில் சுடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவன் கடைசியில் 7×57ஐ எடுத்துவிட்டான். நாற்பது கூடுகள் வாங்கிக் கழுத்தைப் பதப்படுத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னான். பேச்சுவாக்கில் நான் கேட்டேன்: நம்மூர்த் தோட்டத்தில், ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில் பன்றி வந்தால் நீ எந்தக் காலிபர் எடுப்பாய்?

"பன்னிக்குப் பின்னால என்ன இருக்குண்ணா?"

வாழை, அதற்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் தார் ரோடு, ரோடோரம் ஒரு டீக்கடை, இரண்டு வீடு என்றேன்.

"அப்படின்னா எந்தக் காலிபரும் வேண்டாம்ணா. வேலி போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, ப்ரைமர் விலை ஏறியதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தான்.